ரெஜினாவின் குரலில் ஒரு சாவு

கள்ளக்குறிச்சியில் யார் செத்தாலும் அதை ஊருக்குச் சொல்வது ரெஜினாதான். மைக்செட் வெங்கடேசன் தன் ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக ஓட்டிப் போவார். அதிலிருந்து வரும் குரல் ரெஜினாவுடையது. "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று அது தொடங்கியதும் குழம்பு தாளிக்கிறவள் அடுப்பைக் குறைப்பாள். சவரம் செய்துகொள்கிறவன் சோப்பு நுரையோடு வாசலுக்கு வருவான். பெயரும் தெருவும் காதில் விழும்வரை ஒருவரும் அசைய மாட்டார்கள். ஆடித் தள்ளுபடிக்கும் கண் பரிசோதனை முகாமுக்கும்கூட அதே குரல்தான். தள்ளுபடியை யாரும் நம்பியதில்லை. சாவை நம்பினார்கள்.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் படித்துப் பழகிய குரல் அது. கல்யாணமாகி வந்த புதிதில் அதைக் கேட்ட வெங்கடேசன், அவள் புருஷன் தைரியநாதனிடம் வந்து, அறிவிப்புப் படிக்க அனுப்புவாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளுக்கு எடை போடுகிறவர் தைரியநாதன். "வூட்ல கத்தறத ஊர்ல கத்தட்டும்ணா, எனக்கு ஒரு நேரமாவது காது ஓயும்" என்றார். அப்படி ஆரம்பித்தது. ரவிக்கை தைப்பதற்கும் சமையலுக்கும் நடுவில் போய்ப் பதிவு செய்துவிட்டு வருவாள். மகள் விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் அந்த வேலை நிற்கவில்லை.

சாவு படிப்பதற்கு ரெஜினாவிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. செத்த வீட்டு ஆள் ஒருவர் நேரில் வந்து எதிரே நிற்க வேண்டும். போனில் சொன்னால் படிக்க மாட்டாள். பகையாளிகள் போன் போட்டு எவனுக்காவது சாவு சொல்லிவிடுவார்கள் என்பது ஒரு காரணம். வந்து நிற்கிறவரின் முகத்தைப் பார்த்தால்தான் தன் குரல் சரியாக வருகிறது என்பது அவள் வெளியே சொல்லாத காரணம்.

கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் விழுந்த அந்த ஜூன் மாதத்தில் ஆட்டோ நிற்கவே இல்லை. ஒரு வீட்டுக்காரர் அழுதுகொண்டு வெளியே போனால் அடுத்தவர் அழுதுகொண்டு உள்ளே வந்தார். பெயர் படித்துப் படித்து அவளுக்குத் தொண்டை கட்டியது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் வீட்டுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பெற்ற மகளைக்கூடப் போனில் "ஏய்" என்றுதான் கூப்பிட்டாள்.

கலையரசன் அந்தச் சாவுகளை வைத்துத்தான் நாவல் எழுதினான். இந்த ஊரில் பிறந்து, படித்து, சென்னையில் வேலைக்குப் போய்விட்டவன். நாவலோடு சேர்த்து ஒரு பாட்டு ஆல்பமும் வரப்போகிறது, சினிமாக் கம்பெனி யாரும் இல்லை, நண்பர்களே சேர்ந்து செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ரெஜினாவின் வீட்டுக்கு வந்தான். நாவலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பாட்டாம். கூட வந்த ஜீவா இசையமைப்பாளன். காதில் கடுக்கன், தோளில் மைக் பை.

"முதல் பாட்டு உங்க குரல்லதாங்கா ஆரம்பிக்குது. நாவலோட முதல் வரியே உங்க அறிவிப்புதான்" என்றான் கலையரசன்.

ஃபேனை நிறுத்தினார்கள். ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள். தைரியநாதனைக் கட்டிலில் புரளாமல் படுக்கச் சொன்னார்கள். கலையரசன் தாளை நீட்டினான். கருணாபுரம் கிணற்றுத் தெருவில் வசிக்கும் செல்லமுத்து அவர்கள் இன்று காலை காலமானார் என்று அதில் இருந்தது.

ரெஜினா படிக்கவில்லை. "யாரு தம்பி இந்த செல்லமுத்து?"

"கதையில வர்றவர்க்கா."

"கிணத்துத் தெரு நெசமா இருக்குதே."

"தெரு நிஜம். ஆளு கதை. அப்பதான் படிக்கிறவங்களுக்குச் சுருக்குன்னு இருக்கும்."

"உசுரோட இருக்கிற ஆளு பேரு இல்லியே?"

கலையரசன் சிரித்தான். "கதையில வர்றவன் எங்கக்கா உயிரோட இருக்கான்?"

அவன் முகத்தில் சாவு வீட்டுக் களை இல்லை. ஆனால் இது சாவு இல்லையே, பாட்டுதானே என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆல்பத்தில் பேர் வரும் என்று ஜீவா சொன்னதும் பிடித்திருந்தது. படித்தாள். "இன்னும் கொஞ்சம் ராவா, அழுகை வர்ற மாதிரி" என்றான் ஜீவா. "நான் அழுவ மாட்டேன் தம்பி. கேக்கறவங்கதான் அழுவாங்க" என்றாள். போகும்போது இருவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து, மறுநாள் காலை பால் திரிந்து கிடந்தது.

நாவலும் ஆல்பமும் வெளியாகும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலையில் கல்யாண மண்டபத்தில் விழா. கோயிலிலிருந்து வந்து ரெஜினா ஏரி மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பாடற்குழுவில் உடன் பாடும் ரீத்தா.

"யாரு ரெஜி அந்த செல்லமுத்து? வயசானவரா?"

"எந்த செல்லமுத்து?"

"இன்னாடி, நீதான சொல்லிக்கினு போற. இப்பதான் எங்க தெருவுல ஆட்டோ போச்சி."

ரெஜினா மீன் கையோடு எழுந்தாள். அன்று காலை அவள் யாருக்கும் சாவு படிக்கவில்லை. வாசலுக்கு வந்து நின்றாள். இரண்டு தெரு தள்ளி அவளுடைய குரல் போய்க்கொண்டிருந்தது. அன்னாரது இறுதி ஊர்வலம் இன்று மாலை அவரது இல்லத்திலிருந்து புறப்படும் என்று சொல்லி முடித்தது. பின்னாலேயே ஒரு கித்தார் மெதுவாக ஆரம்பித்தது.

வெங்கடேசனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, இன்னா போட்டுக்கினு சுத்தறீங்க?"

"அந்தப் பாட்டுக்காரப் பையன் பென் டிரைவ் குடுத்தான்மா. விழாவுக்கு விளம்பரம், காலையில இருந்து ஊரைச் சுத்துங்கன்னான். முதல்ல உன் குரல்ல சாவு வருது, பின்னால பாட்டு வருது. இப்பல்லாம் சோகப் பாட்டு போட்டுத்தானம்மா சாவு சொல்றோம். நெசமாவே ஒரு ஆளு பூட்டாரு, அதையும் சேத்துக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன். நானே ரெண்டு எடத்துல நிறுத்தி உச்சுக் கொட்டினேன்."

"நிறுத்துங்க முதல்ல."

"கருணாபுரம் முடிச்சிட்டேனே."

நடந்ததை அவள் மத்தியானம் தெரிந்துகொண்டாள். வந்து சொன்னது ஆண்டாள். செல்லமுத்துவின் பெண்டாட்டி. செல்லமுத்து கதையில் வருகிற ஆள் இல்லை. கிணற்றுத் தெருவில் ஓட்டு வீட்டில் இருக்கிற, கரும்பு வெட்டப் போகிற செல்லமுத்து. கலையரசனின் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர், அவனுக்குத் தாய்மாமன். அவன் அம்மா செத்த பிறகு பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அவன் சாப்பிட்டது அந்த வீட்டில்தான்.

ஆண்டாள் உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கையில் துணிக்கடை பிளாஸ்டிக் கவர்.

"நீதான ரெஜினா?"

"ஆமாங்க. வாங்கக்கா, உள்ள வாங்க."

"உள்ள வர்ற மாதிரியா என்ன வச்சிருக்க? கொழாயில தண்ணி புடிச்சிக்கினு நிக்கிறேன். எம் புருஷன் செத்துட்டாருன்னு நீ சொல்ற. போன தடவ என் தம்பி பேரச் சொன்னியே, அதே கொரல். நான் எப்பிடி நம்பாம இருப்பேன் சொல்லு. விடியறதுக்கு முந்தி ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டப் போனாரு. போனு வூட்ல சார்ஜுல கெடக்குது. யாருகிட்ட கேப்பேன்? ஒரு கூட்டம் ஆசுபத்திரிக்கு ஓடுது, மறுபடியும் சாராயம் வந்துடுச்சின்னு. எங்க தெருவுல ஒவ்வொருத்தியும் அவ அவ புருஷனைத் தேடிக்கினு ஓடறா."

ரெஜினா நிலைப்படிவரை வந்தாள்.

"சங்கராபுரத்துல இருந்து எங்க அண்ணன் பச்சமுத்து வந்துடுச்சி. கையில இது." கவரைத் தூக்கிக் காட்டினாள். "எம்மேல போத்திடுச்சி. கட்டிப் புடிச்சி அழுதுடுச்சி. தாலிய மட்டும்தான் விட்டு வச்சாங்க, பொணம் வரட்டும்னு. அப்ப அந்த ஆளு ஷேர் ஆட்டோவுல வந்து எறங்குது. வூட்டு முன்னால சேரு போட்டிருக்கிறதப் பாத்துட்டு, யாருங்க செத்ததுன்னு எங்க அண்ணனையே கேக்குது."

உள்ளே இருந்த தைரியநாதனுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக்கிக்கொண்டார். ரெஜினா திரும்பிப் பார்க்கவே இருமலும் நின்றது.

கவரில் இருந்தது கோடிச் சேலை. புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துவது. புருஷன் இருக்கிறவள் மேல் அது பட்டால் அதைவிடக் கெட்டது வேறில்லை. இளநீல வாயில் சேலை, மடிப்புக் கலைந்திருந்தது.

"இதை எங்க அண்ணன் வூட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. கடையில வாங்க மாட்டான். நான் வச்சிக்கினா எங்க வூட்ல சாவு இருக்குதுன்னு அர்த்தம். நீதான வரவழச்ச, நீயே வச்சிக்க." கவரைப் படியில் வைத்துவிட்டு ஆண்டாள் போய்விட்டாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் ரெஜினாவால் திருப்பிப் பேசியிருக்க முடியும்.

தைரியநாதன் படியில் இருந்த கவரைப் பார்த்தார். "எடுத்து உள்ள மட்டும் வச்சிடாத. நான் உசுரோட இருக்கேன்" என்றார். ரெஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் அப்படியே கிடந்து ஈ மொய்த்தது.

கலையரசனுக்குப் போன் போட்டாள். பின்னால் ஸ்பீக்கர் சோதிக்கும் சத்தம்.

"உசுரோட இருக்கிற ஆளான்னு கேட்டனே தம்பி. உன் வாயால சொன்னியே."

"அக்கா, மாமா படிக்க மாட்டாருன்னு நெனச்சேன். அவரு புத்தகத்தையே தொட்டதில்ல."

"படிக்கலப்பா. கேட்டாங்க."

"ஆட்டோல போட்டது ஜீவாவோட ஐடியா. எனக்குத் தெரியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஊரே எழுந்து ஓடியிருக்குதுன்னா அந்தக் குரலுக்கு எவ்ளோ சக்தி. நாவல் தெருவுல நடந்திருக்கு. இதை யாரும் பண்ணதில்ல."

"உங்க அத்தைக்குக் கோடி போத்திட்டாங்க."

கோடி என்றால் என்னவென்று இந்த ஊரில் பிறந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. அவன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான். "விழா முடியட்டுங்கா. நாளைக்கு வந்து கால்ல விழுந்துக்கிறேன்."

"நாளைக்கு வேணாம். இன்னிக்கு அந்த ஆட்டோவ எடுத்துக்கினு அதே தெருவுங்கள்ல போயி, பொய்யின்னு நீ சொல்லு. அந்தப் பாட்டைத் தூக்கு."

ஜீவா போனை வாங்கினான். "அக்கா, தூக்க முடியாது. ஆல்ரெடி எல்லா ஆப்லயும் போயிடுச்சு. காலையில எவனோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கான், செம்மயா போகுது. உங்க குரல்தான் ஹைலைட்டே."

"எம் பேரு எங்க தம்பி அதுல?"

"பேரு போட்டா அந்த ஃபீல் போயிடும்க்கா. 'கள்ளக்குறிச்சித் தெருக்களில் கிடைத்த ஒலி'ன்னு போட்டிருக்கோம்."

கிடைத்த ஒலி. ரோட்டில் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்ட மாதிரி. ரெஜினா போனை வைத்தாள். பேர் வராததற்காகத்தான் தனக்கு இவ்வளவு கோபமா என்று ஒரு நிமிஷம் தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. அதுவும் கொஞ்சம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நாளைக்கு நிஜமாக ஒருவர் செத்து, நிஜமாக இவள் படித்து, குழாயடியில் இருக்கிறவள் அதை நம்பாமல், குடத்தைக் கீழே வைக்காமல் நின்றால்?

மீனைக் கழுவினாள். குழம்பு வைத்தாள். காரம் கண்ணில் நீர் வரவழைக்கிற அளவுக்கு இருந்தது. தைரியநாதன் ஒன்றும் சொல்லாமல் தின்று முடித்தார். வேறு சேலை மாற்றிக்கொண்டு, வாசற்படியிலிருந்த கவரை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பியபோது, "நானும் வரட்டா?" என்றார்.

"வேணாம். நீங்க இருமுவீங்க."

மண்டபத்தில் பாதிக்கு மேல் சென்னை ஆட்கள். கைத்தறிச் சட்டை, ஜோல்னாப் பை. பின்வரிசையில் உள்ளூர்ப் பெண்கள் கொஞ்சம் பேர், சுயஉதவிக் குழுவிலிருந்து அழைத்து வந்து உட்காரவைத்தவர்கள். யாரோ பேசினார்கள். எளிய மனிதர்களின் வலி என்றார்கள். மண்ணின் குரல் என்றார்கள். விளக்கை அணைத்து முதல் பாட்டைப் போட்டார்கள்.

ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

முன்வரிசைக்காரர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். பின்வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. பெண்கள் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். யார், எந்தத் தெரு என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள். காலையிலேயே கேட்டவள் ஒருத்தி, "அதே ஆளுதான்டி, எத்தன வாட்டி சாவடிப்பாங்க" என்றாள்.

பாட்டு முடிந்து விளக்கு வந்தது. உள்ளூர் அன்பர்கள் மேடைக்கு வந்து எழுத்தாளருக்குப் பொன்னாடை அணிவிக்கலாம் என்று ஒருவர் அறிவித்தார். இரண்டு பேர் போய்த் துண்டு போட்டார்கள். மூன்றாவதாக ரெஜினா படியேறினாள்.

கலையரசன் அவளைப் பார்த்ததும் வரவழைத்த சிரிப்போடு கை கூப்பினான். அவள் கவரைப் பிரித்தாள். சேலையை உதறி விரித்தாள். இரண்டு தோளையும் சுற்றி, சாவு வீட்டில் போர்த்துகிற மாதிரியே, முன்பக்கம் இழுத்துக் கூட்டி விட்டாள்.

சென்னைக்காரர்கள் கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒருத்தி, "ஐயய்யோ, கோடி" என்றாள்.

கலையரசனின் கை தோள்வரை போய் நின்றுவிட்டது. எடுத்தால் ஏன் எடுக்கிறாய் என்று கேட்பார்கள், எடுக்காவிட்டால் மேலேயே கிடக்கும். பல் தெரிய இளித்தபடி அடிக்குரலில் சொன்னான். "அக்கா, இன்னாக்கா இது. எம் பொண்டாட்டி உக்காந்திருக்கா."

"உங்க அத்தையும் உக்காந்துதான் இருந்தாங்க."

மைக் அவன் எதிரேதான் இருந்தது. அவள் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊருக்குத் தெரிந்த அந்தக் குரலில், கொஞ்சமும் ஏற்ற இறக்கம் மாறாமல் சொன்னாள்.

"ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். கருணாபுரம் கிணற்றுத் தெருவில் வசிக்கும் செல்லமுத்து அவர்கள் உயிரோடு இருக்கிறார். அன்னாரது அக்கா மகனும், அன்னாரது வீட்டில் சோறு தின்று வளர்ந்தவருமாகிய எழுத்தாளர் கலையரசன் அவர்கள், அன்னாரைக் கதைக்காகச் சாகடித்தார். அன்னாரது மனைவிக்குக் கொண்டுவரப்பட்ட கோடிச் சேலை, உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த அறிவிப்பைக் கேட்கும் உற்றார் உறவினர் யாரும் வர வேண்டியதில்லை."

சொல்லிவிட்டு இறங்கினாள். யாரும் கை தட்டவில்லை. ஜீவா மட்டும் போனில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் வெங்கடேசன் ஆட்டோவோடு நின்றிருந்தார். மத்தியானமே அவள் சொல்லி வைத்திருந்தாள். ஏறி உட்கார்ந்து மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, காலையில் ஆட்டோ போன தெருக்கள் எல்லாவற்றிலும் அதையே சொல்லிக்கொண்டு போனாள். கிணற்றுத் தெருவில் செல்லமுத்து வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தன் பெயரைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இருக்கிறேன் என்பது போல ஒரு கையைத் தூக்கினார். ஆண்டாள் அவர் பின்னால் நின்று பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பாட்டைத் தூக்கவில்லை. ஜீவா மேடைப் படத்தைப் போட்டு, கள்ளக்குறிச்சி மக்கள் அன்போடு போர்த்திய சேலை என்று எழுதியிருந்தான். அதற்கு ஆயிரக்கணக்கில் இதயம் விழுந்தது. கலையரசன் ஒருநாள் மாமன் வீட்டுக்குப் போனானாம். செல்லமுத்து, "செத்தவன் வூட்டுக்கு இப்பதான் வர்றியா" என்று கேட்டுவிட்டு, சோறு போடச் சொன்னாராம். ஆண்டாள் போடவில்லையாம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஏமப்பேரில் ஒரு பெரியவர் செத்தார். மகன் வந்து எதிரே நின்றான். ரெஜினா அவன் முகத்தைப் பார்த்துத்தான் படித்தாள். ஆட்டோ போனது. ஒருவரும் அடுப்பைக் குறைக்கவில்லை. குழாயடியில் ஒருத்தி, "இது நெசமா, பாட்டா?" என்று கேட்டாளாம். செத்த வீட்டுக்கே போன் போட்டு, அப்பா இருக்காரா என்று விசாரித்தவர்களும் உண்டு. அழுதுகொண்டிருந்த மகன் ஒவ்வொரு போனுக்கும் இல்லைங்க, இல்லைங்க என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"முன்னாடி ஒரு வரி சேத்துக்கலாம்மா. இது உண்மைச் செய்தின்னு" என்றார் வெங்கடேசன்.

"அப்ப இத்தினி வருஷமா நான் சொன்னது இன்னா?"

இப்போது ரெஜினா பதிவு செய்வதில்லை. சாவு என்றால் அவளே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, மைக்கைப் பிடித்துத் தெருத் தெருவாகப் போகிறாள். வெயிலானாலும் மழையானாலும், தைக்கிற ரவிக்கை பாதியில் கிடந்தாலும். ஆளைக் கண்ணால் பார்த்தால் நம்புகிறார்கள். குடத்தைக் கீழே வைக்கிறார்கள். ஒரு தெரு முடிந்து அடுத்த தெரு வருவதற்குள் அவள் மைக்கின் பொத்தானை அணைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, கலையரசனை ஆதியோடந்தமாகத் திட்டுவாள். வெங்கடேசன் திருப்பத்தில் ஆட்டோவை மெதுவாக ஓட்டுவார், திட்டி முடிக்கட்டும் என்று. பிறகு பொத்தானைப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவாள்.